எங்கே கொட்டுவது என்று கேட்டவர்

கல்யாண வீட்டுக்குப் போனால் என் மனைவி முதலில் பெண்ணைப் பார்ப்பாள், பிறகு பெண்ணின் புடவையை, கடைசியாகப் போனால் போகிறதென்று மாப்பிள்ளையை. நான் நேராகச் சமையல்கட்டுப் பக்கம் போய்த் தண்ணீர் டிரம்மைப் பார்ப்பேன். பசி தாங்காத மனுஷன் என்று உறவுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். ஆயுள் முழுக்க அபாயக் கழிவுகளின் பின்னால் அலைந்தவனுக்கு ஓய்வூதியம் வரும், ஓய்வு வராது.

வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். விதிகளை நான் சொல்லப்போவதில்லை. அவை உங்கள் கைபேசியில் இருக்கின்றன, என்னைவிடக் கோவையாகவும் இருக்கின்றன. நம் வேலையைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தொழிற்சாலை கழிவை உண்டாக்குகிறது, லாரி அதைச் சுமக்கிறது, அனுமதி பெற்ற ஆலை அதை வாங்கிப் பக்குவமாக ஒழிக்கிறது. மூவரும் ஒழுங்காக நடக்கிறார்களா என்று நாம் பார்க்கிறோம். புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது காலி டிரம்மில்தான். கழிவு என்றால் சேறும் சாம்பலும்தான் என்று நினைப்பார்கள். பூச்சிமருந்து இருந்த டிரம் காலியானாலும் கழிவுதான். ஆனால் "காலி" என்ற சொல்லைக் கேட்டதும் மனசு லேசாகிவிடுகிறது.

செஞ்சியில் நடந்த கதை இது. அன்றைக்கு என்னோடு ஜீப்பில் வந்தவர் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன முத்துச்செல்வி, தென்காசிப் பக்கத்துப் பெண். இப்போது உங்களில் பலருக்கு அவர் மேலதிகாரி. அதனால் அவரைப் பற்றி நல்லதாகவே எழுதுகிறேன், உங்களுக்கும் அதுதான் நல்லது.

ஒரு கல் குவாரியின் பட்டறையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை வாங்கலாம் என்று கடைவீதியில் இறங்கினேன். பாத்திரக் கடை ஏகாம்பரத்தின் கடை வாசலில் நீல டிரம்கள் வரிசையாக வெயிலில் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளைவெளேரென்று சொல்ல முடியாது, ஆனால் நீலத்தில் அவ்வளவு பளிச்சென்று டிரம்களை நான் பார்த்ததில்லை. வெற்றிலையை மறந்துவிட்டுக் கிட்டே போனேன். ஒரு டிரம்மின் பக்கவாட்டில் சதுரமாக ஒரு தடம். அங்கே இருந்த சீட்டைக் கத்தியால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சுரண்டியவர் அவசரக்காரர். ஓரத்தில் எலும்புக்கூட்டுத் தலையின் தாடை மட்டும் மிச்சமிருந்தது.

ஏகாம்பரம் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் தேடிப் பிடிக்கப்போகிற ஆட்களில் பாதிப் பேர் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள், அதுதான் தொல்லை. கல்யாணம் கருமாதிக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். பழைய டிரம் எங்கே கிடைத்தாலும் வாங்குவார். பாமாயில் டிரம், பழச்சாறு டிரம், அவற்றோடு பக்கத்து மாவட்டத்துத் தொழிற்பேட்டையிலிருந்து காலி டிரம் ஏற்றிப் போகும் ஒரு லாரிக்காரன் இறக்கிவிட்டுப் போகும் டிரம். அந்த லாரி நேராகச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போக வேண்டியது. வழியில் செஞ்சியில் கொஞ்சம் எடை குறைத்துக்கொண்டு போயிருக்கிறது.

நான் யார் என்று சொன்னதும் ஏகாம்பரம் பயப்படவில்லை, பெருமைப்பட்டார். "சும்மா கழுவறதில்ல சார். புளி போட்டு ஊற வெப்போம், அப்பால சாம்பல், அப்பால சீயக்கா. ஒரு வாரம் வெயில்ல காயும். மோந்து பாருங்க, எதுனா நாத்தம் வருதா?" என்றார்.

மோந்து பார்த்தேன். நல்ல புளி வாசனைதான் வந்தது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். சோம்பேறிக் கடைக்காரராக இருந்தால் மருந்து நெடி மூக்கைத் துளைக்கும், எவனும் அதில் தண்ணீர் பிடிக்க மாட்டான். நாய்க்குக் குரைப்பு எப்படியோ, பூச்சிமருந்துக்கு அந்த நெடி அப்படி. இந்த மனிதர் நாயை உள்ளேயே விட்டுவிட்டுக் குரைப்பை மட்டும் கழுவி வைத்திருக்கிறார். எது எண்ணெய் டிரம், எது மருந்து டிரம் என்று அவராலேயே இப்போது சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை, ஒரே புளி. கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று கேட்டேன். பின்னால் இருக்கும் வாய்க்காலைக் காட்டினார். அந்த வாய்க்கால் தனிக் கதை, இங்கே வேண்டாம்.

இதுவரை வாடகைக்குப் போயிருக்கிறதா என்று முத்துச்செல்வி கேட்டார். இந்த லாட்டில் இன்றைக்குத்தான் முதல் முறையாக, காலையில் மேல்சித்தாமூருக்கு ஒரு வண்டி போனது என்றார் ஏகாம்பரம். நாளைக்கு முகூர்த்தம், இன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிறார்கள், சமையலுக்கும் குடிக்கவும் அந்தத் தண்ணீர்தான்.

நாங்கள் இருவரும் மணியைப் பார்த்தோம். ராத்திரிச் சாப்பாடுதானே, நிறைய நேரம் இருக்கிறது, அலுவலகத்துக்குச் சொல்லி மாதிரி எடுக்கும் சாமான்களை வரவழைத்துவிட்டுப் போகலாம் என்றார் முத்துச்செல்வி. சரியான முறைதான். ஏகாம்பரம்தான் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"அது நைனார் வூட்டுக் கல்யாணம்மா. பொழுது சாய்ஞ்சா பச்சத் தண்ணி பல்லுல படாது. இந்நேரம் சோறு வெந்துருக்கும். வெயில் தாழறதுக்குள்ள பந்தி முடிஞ்சுடும்."

தமிழ்ச் சமணர்களைத்தான் எங்கள் பக்கத்தில் நைனார் என்கிறோம். இருட்டிய பிறகு அவர்களில் பெரியவர்கள் எதையும் உண்பதில்லை. எங்களிடம் இருந்ததாக நினைத்த நேரம் இல்லவே இல்லை. ஏகாம்பரம் போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் சாலையில் கிளம்பினோம். வழி முழுக்க அவர் கழுவிக் கழுவி வெளுத்திருந்த தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முத்துச்செல்வி வழியில் கேட்ட கேள்வியை நீங்களும் இப்போது மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நம் அதிகாரம் தொழிற்சாலை வாசலில் உண்டு, லாரிமேல் உண்டு, வேண்டுமானால் ஏகாம்பரத்தின் கடைமேல் உண்டு. கல்யாண அடுப்படியில் நமக்கு என்ன அதிகாரம்? ஆய்வு முடிவும் கையில் இல்லை. எந்த விதியைக் காட்டி நிறுத்துவது? நான் அவரிடம் சொன்னது இதுதான்: ஒருத்தனைத் தண்டிக்க ஆதாரம் வேண்டும், ஒருத்தனைத் தடுக்கச் சந்தேகம் போதும். இதை எனக்குச் சொன்னவர் என் முதல் அதிகாரி. வாயில் எப்போதும் புகையிலை, அதனால் அதிகம் பேச மாட்டார். அவர் வாயைத் திறந்து சொன்ன மூன்று நல்ல வார்த்தைகளில் இது ஒன்று.

மேல்சித்தாமூரில் பந்தல் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கிச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். இலைக் கட்டுகள் பிரிந்து கிடந்தன. இந்த இடத்தில் ஜீப்பிலிருந்து குதித்து "விஷம், விஷம்" என்று கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாப்பிடாதவனுக்கும் வயிறு வலிக்கும். பந்தல் காலில் நாலு பேர் தடுக்கி விழுவார்கள். அந்தப் பெண்ணை ஆயுசுக்கும் விஷக் கல்யாணத்துப் பெண் என்று ஊர் சொல்லும். அதற்காக முணுமுணுத்துவிட்டு வரவும் முடியாது. முணுமுணுப்பை யாரும் காதில் வாங்குவதில்லை. யாரால் நிறுத்த முடியுமோ அந்த ஒருவரிடம், முழுசாக, ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஒருவர் பெண்ணின் தகப்பனார் தரணேந்திரன். மணிலாக் கடலையும் நெல்லும் பயிர் செய்கிறவர், மெலிந்த உடம்பு, புது வேட்டி. அவரைச் சாமான் வைத்திருந்த அறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவே இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான், வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் டிரம்மில் ஊற்றினோம், வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து அதைத்தான் செய்தார்கள் என்றார். அவர்கள் வழக்கம் அது, ஒரு சின்னப் பூச்சிகூடத் தண்ணீரில் சாகக் கூடாதென்று வடிகட்டுவார்கள். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை, அதைப் பிடித்து வைத்த டிரம்தான் சந்தேகம் என்று விளக்கினேன்.

அவர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

"நிச்சயமா விஷம்தானா சார்?"

"தெரியாது."

"தெரியாமலா சார் பந்திய நிறுத்தச் சொல்றீங்க? மாப்ள வூட்டுக்காரங்களுக்கு இது எங்க வூட்டுல மொதல் சாப்பாடு."

"தெரிஞ்சிருந்தா எந்த டிரம்முன்னு காட்டியிருப்பேங்க. தெரியாததாலதான் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றேன்."

நிச்சயம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். அந்த ஆசை எனக்கு வரவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். ஆனால் நம் வார்த்தைக்கு இருக்கும் மதிப்பு ஒரு தடவை செலவழித்தால் தீர்ந்துபோகிற சரக்கு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அப்படியும் ஒருவரைக் கேட்க வைப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான பாடம்.

தரணேந்திரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. நான் சொன்னது தப்பாகப் போனால் நான் ஜீப்பில் ஏறிப் போய்விடுவேன், அவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். அப்போது கல்யாணப் பெண் சுமதி வாசற்படியில் நின்றிருந்தாள். பாதி அலங்காரம், ஒரு காதில் மட்டும் ஜிமிக்கி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"வேணாம்னு வுட்டுடு நைனா. அவுங்கள்ல யாருக்குனா ஒண்ணு ஆச்சுன்னா நான் அந்த வூட்டுல எப்டி வாழ்வேன்?" என்றாள் அப்பாவிடம்.

அதோடு முடிந்தது. தரணேந்திரன் சமையல்காரரைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, என் பணிக்காலம் முழுவதிலும் எந்த முதலாளியும் என்னிடம் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"எங்க கொட்றது சார்? எறும்பு தின்னும், மாடு தின்னும். அதுங்களும் உயிருதான?"

நான் எத்தனையோ கழிவுக் குழாய்களின் முன்னால் நின்று, எங்கே ஐயா கொட்டினீர்கள் என்று கேட்டிருக்கிறேன். ஏரியில், ஓடையில், அடுத்தவன் கொல்லையில் என்று பதில் வரும், பாதி நேரம் அதுவும் வராது. கொட்டுவதற்கு முன்னால் ஒருவர் கேட்டது இதுதான் முதல். நான் யோசிப்பதற்குள் முத்துச்செல்விதான் சட்டென்று சொன்னார்: எங்கேயும் கொட்ட வேண்டாம், சோறும் குழம்பும் பாயசமும் அந்த டிரம்களிலேயே போகட்டும், மூடி போட்டுக் கட்டி வையுங்கள், நாங்கள் மாதிரி எடுத்துக்கொண்டு வண்டி வைத்து ஏற்றிப் போகிறோம். கல்யாணப் பாயசத்தை அபாயக் கழிவாக ஏற்றிய முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பந்தலுக்கு என்ன பதில்? ஏகாம்பரம் முன்னால் வந்தார். செஞ்சிக் கடைவீதியில் தனக்குத் தெரிந்த ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டார். வாழைப்பழம், தேங்காய், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், வறுத்த மணிலா என்று ஒரு டெம்போ நிறைய வந்து இறங்கியது. வீட்டு வெண்கலப் பானைகளில் கிணற்றுத் தண்ணீரை நேராகப் பிடித்து வடிகட்டினார்கள். ஊருக்குள் கறந்த பால் அத்தனையும் காய்ந்தது.

தரணேந்திரன் பந்தல் நடுவில் நின்று கைகூப்பினார். "தண்ணியில ஒரு சந்தேகம் வந்துருக்குது. சந்தேகம் இருக்கற தண்ணிய நாம தொடறதில்ல, உங்களுக்கே தெரியும். இன்னிக்கு எலையில பழமும் பொரியும்தான். மனசுல வெச்சுக்காம சாப்டணும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பொய் இல்லை, பீதியும் இல்லை. நான் யோசித்து யோசித்து எழுதியிருந்தாலும் இவ்வளவு நல்ல அறிவிப்பு வந்திருக்காது. மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு மாமா, சம்பந்தி வீட்டு முதல் விருந்து பொரியா என்று முனகினார். கல்யாணத்துக்கு ஒரு மாமா முனகாவிட்டால் அது கல்யாணமே இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் முதல் ஆளாக இலையில் உட்கார்ந்தார். "நாம பொண்ணு எடுக்க வந்தோம், சோறு எடுக்க வரல. பழத்த வையுங்க" என்றார். மேற்கே மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும் முன்னால் கடைசி இலையும் எடுத்தாயிற்று.

மறுநாள் காலையில் ஏகாம்பரத்தின் கடையிலிருந்த டிரம்களுக்கு முத்திரை வைக்கப் போனோம். அவரைக் காணவில்லை. ஓடிவிட்டாரோ என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் டெம்போவில் வந்து இறங்கினார், பின்னால் நாலைந்து நீல டிரம்கள். நாங்கள் அதுவரை பார்க்காதவை.

"இது எங்க வூட்ல இருந்துச்சு சார். எம் பொண்ணு கல்யாணத்துக்குன்னு நல்லதா பாத்து எடுத்து வெச்சேன். ரெண்டு வாட்டி கழுவுனது. நேத்து உங்ககிட்ட சொல்லல, எடுத்துனு பூடுவீங்கன்னு. அந்த மனுஷன் வெந்த சோத்தையே வேணாம்னுட்டாரு. அப்பால எனக்குத் தூக்கம் வரல. இத்தயும் பாத்துடுங்க" என்றார்.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. மேல்சித்தாமூர் டிரம்களில் ஒன்றிலும் ஒன்றுமில்லை. பாமாயில், பழச்சாறு, அவ்வளவுதான். எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஒரு கல்யாண விருந்தையே குப்பையாக்கியிருக்கிறேன், நல்ல விருந்து. முத்துச்செல்வி அடுத்த தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். கடையிலிருந்தவற்றில் சிலவற்றில் பூச்சிமருந்து. ஏகாம்பரம் வீட்டிலிருந்து கொண்டுவந்தவற்றில் எல்லாவற்றிலும். மூடியின் மடிப்புக்குள் புளியும் போகவில்லை, சாம்பலும் போகவில்லை, மருந்து மட்டும் இருந்தது. புதிதாக, பளபளப்பாகத் தெரிந்ததால் அவற்றைத் தன் வீட்டுக்கென்று பொறுக்கி எடுத்திருக்கிறார்.

லாரிக்காரரின் அனுமதி நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைக்காரர்கள் டிரம்மை அடியில் ஓட்டை போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டோம். ஓட்டை டிரம்மை யார் கழுவினாலும் தண்ணீர் நிற்காது. ஏகாம்பரத்துக்கும் நோட்டீஸ் போனது, அதில் நான் தயவு காட்டவில்லை. இதெல்லாம் கோப்பு வேலை, நீங்களே செய்வீர்கள்.

கோப்பில் இல்லாத வேலை ஒன்று பாக்கி இருந்தது. தரணேந்திரனிடம் போய், உங்கள் சாப்பாடு நல்ல சாப்பாடுதான், அதைத்தான் வேண்டாம் என்று சொல்ல வைத்தேன் என்று சொல்ல வேண்டும். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் அடுத்த தடவை "தெரியாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏகாம்பரம் தானும் வருகிறேன் என்றார்.

தரணேந்திரன் களத்தில் மணிலா காயவைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். ஏகாம்பரம் தன் வீட்டு டிரம் விஷயத்தைச் சொன்னார், பாதியில் குரல் உடைந்துவிட்டது. தரணேந்திரன் கொஞ்ச நேரம் கடலையைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். பிறகு ஏகாம்பரத்திடம் கேட்டார்.

"உம் பொண்ணுக்குக் கல்யாணம் எப்போ?"

"வர்ற முகூர்த்தம்ங்க."

"தண்ணிக்கு அண்டா வெச்சினு இருக்கியா?"

பாத்திரக் கடைக்காரர் இல்லையென்று தலையாட்டினார். வாடகைக்கு எளிதாக இருக்கிறதென்று வெண்கல அண்டாக்களையெல்லாம் எப்போதோ விற்றுவிட்டு டிரம்முக்கு மாறியவர் அவர். தரணேந்திரன் வீட்டுக்குள் குரல் கொடுத்து, அன்றைக்கு டிரம்கள் போனதும் சுமதி கல்யாணத்துக்கு அவசரமாக வாங்கிய அண்டாக்களை வெளியே உருட்டச் சொன்னார்.

"எடுத்துனு போ. எங்க பந்தி நின்னதாலதான் உங்க பந்தி நடக்கப்போவுது. அப்ப ஒண்ணும் வீணாப் போகல" என்றார்.

ஏகாம்பரத்தின் பெண் கல்யாணத்துக்கு நானும் மனைவியோடு போயிருந்தேன். மூன்று தரம் சாம்பார் வாங்கினேன். சமையல்கட்டுப் பக்கமே போகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து பெண்ணை நன்றாகப் பார்த்த கல்யாணம் எனக்கு அது ஒன்றுதான்.